ஏதுவும் காரணமும்: சூரியப் புள்ளிகள், சிற்றலை வானொலி, ஒரு பஞ்சம்

இரண்டு நிகழ்ச்சிகள் திரும்பத் திரும்பச் சேர்ந்து வருவதைக் காணும் மனம், அவற்றுள் ஒன்றை மற்றொன்றின் காரணமாகக் கொள்ளும் உரிமையை எப்போது பெறுகிறது என்னும் கேள்வி, இந்தியத் தருக்க மரபிலும் மேலை மெய்யியலிலும் பல நூற்றாண்டுகளாக விவாதிக்கப்பட்டும் ஓயாத கேள்வியாகும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை அறியாத தமிழர் இல்லை. வடமொழித் தருக்கர்கள் அதைக் காகதாலீய நியாயம் என்றனர். ஒரே ஒருமுறை நிகழ்ந்த அத்தகைய தற்செயலைத் தள்ளிவிடுவது எளிது. அதே காக்கை அதே மரத்தில் ஐந்தாறு முறை அமர்ந்து, ஒவ்வொரு முறையும் பழம் விழுந்திருந்தால், அதைத் தற்செயல் என்று தள்ளத் துணிபவர் சிலரே இருப்பர். தத்துவச் சிக்கல் தொடங்குவது அந்த ஐந்தாறு முறைகளில்தான்.

இச்சிக்கலை ஆராய்வதற்குச் சூரியனின் பதினோராண்டுச் சுழற்சியைவிடப் பொருத்தமான களம் வேறொன்று கிடைப்பது அரிது. சூரியப் பரப்பில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழப் பதினோராண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன என்பது தெரியவந்த நாள்முதல், தானிய விலை, வணிக வீழ்ச்சி, மழை, பஞ்சம், போர், புரட்சி எனக் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் அந்தச் சுழற்சியோடு முடிச்சுப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்த முடிச்சுகளில் பெரும்பாலானவை அவிழ்ந்துபோயின. அவிழாமல் நின்ற சிலவற்றுள் தலையானது, தொலைதூரச் சிற்றலை வானொலி ஒலிபரப்பு சூரியப் புள்ளிகளின் ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்து மேம்படுவதும் நலிவதும் ஆகும். ஒரே சூரியன், ஒரே சுழற்சி, ஒரே எண் வரிசை ஆகியவற்றின்மேல் எழுப்பப்பட்ட அனுமானங்களுள் ஒன்று அறிவாகவும் மற்றொன்று மயக்கமாகவும் முடிந்தது ஏன் என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி.

அதற்குத் தேவையான கருவிகளை நியாய மரபு முன்பே தந்துள்ளது. மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு உண்டு என்னும் வாதத்தில் புகை ஏது எனப்படும். அதாவது, காணப்படாத ஒன்றைக் காட்டித் தரும் அடையாளம். மணிமேகலையில் அறவண அடிகள் அளவை இலக்கணம் உரைக்கும் காதையிலும் இதே புகையும் நெருப்புமே எடுத்துக்காட்டாக வருகின்றன. புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்னும் விலகாத உடனிகழ்வுக்கு வியாப்தி என்று பெயர். அதை உறுதிசெய்ய, ஒன்று இருக்கும்போது மற்றொன்றும் இருப்பதாகிய அன்வயத்தையும், நெருப்பு இல்லாதபோது புகையும் இல்லாததாகிய வியதிரேகத்தையும் ஒருசேரக் காட்ட வேண்டும். இவற்றுக்கும் மேலாக, உபாதி என்னும் மறைமுக நிபந்தனை ஏதும் இடையில் ஒளிந்திருக்கவில்லை என்பதும் தெளிவாக வேண்டும். நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு என்று ஒருவர் மாற்றிச் சொன்னால் அது பிழையாகிவிடும். பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகையை எழுப்புவது நெருப்போடு கூடிய ஈர விறகு; அந்த ஈர விறகே உபாதி. பத்தாம் நூற்றாண்டில் உதயணரும் பதினான்காம் நூற்றாண்டில் மிதிலையின் கங்கேசரும் இந்த உபாதியை வரையறுக்க எடுத்துக்கொண்ட உழைப்பு, வெறும் சொற்போர் ஆர்வத்தால் வந்ததன்று. பொய்யான உடனிகழ்வுகளிலிருந்து அறிவைக் காக்கும் வழி அதுவே என்று அவர்கள் உணர்ந்திருந்தனர்.

சூரியச் சுழற்சியின் கண்டுபிடிப்பே எதிர்பாராமல் நேர்ந்த ஒன்று. ஜெர்மனியின் தெசாவ் நகரில் மருந்துக்கடை நடத்திய சாமுவேல் ஹைன்ரிச் ஷ்வாபே, புதன் கோளுக்கும் உள்ளே மற்றொரு கோள் இருக்கக்கூடும் என்று எண்ணி, அது சூரியனைக் கடக்கும்போது கண்டுவிடலாம் என்னும் நோக்கத்தோடு 1826 முதல் வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியப் புள்ளிகளைப் பதிவுசெய்து வந்தார். தேடிய கோள் கிடைக்கவில்லை. 1843இல் புள்ளிகளின் எண்ணிக்கையில் ஏறத்தாழப் பத்தாண்டு ஒழுங்கு ஒன்று இருப்பதை அறிவித்தார். பின்னர் சுவிட்சர்லாந்தின் ருடால்ஃப் வோல்ஃப், புள்ளிக் கூட்டங்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி அதனோடு தனிப்புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டும் முறையில் ஓர் அளவெண்ணை உருவாக்கி, பழைய பதிவுகளைத் திரட்டி, 1755இல் தொடங்கிய சுழற்சிக்கு ஒன்று என்று எண்ணிட்டார். பதினோராண்டு என்பது சராசரியே. ஒன்பது ஆண்டுகளில் முடிந்த சுழற்சியும் உண்டு, பதினான்கை நெருங்கியதும் உண்டு. 1645 முதல் 1715 வரையிலான எழுபது ஆண்டுகளில் புள்ளிகள் மிக அரிதாகவே தென்பட்டன. கடிகாரம்போல் நடப்பது என்று பலர் எண்ணிக்கொண்ட ஒழுங்கு, உண்மையில் இத்தனை நெகிழ்ச்சி உடையது.

இனிச் சிற்றலை. 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண் கொண்ட வானொலி அலைகள் சிற்றலைகள் எனப்படும். இவை ஏறத்தாழ நேர்கோட்டிலேயே செல்லும் இயல்பின. வளைந்த பூமியின் மறுபுறத்தை அவை எட்ட வேண்டுமாயின் மேலிருந்து ஏதோ ஒன்று அவற்றைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். 1901 டிசம்பரில், இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து எழுந்த சமிக்ஞை அட்லாண்டிக்கைக் கடந்து நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். அன்று பயன்பட்டது சிற்றலை அன்று, அதைவிட நீளமான அலை. ஆயினும் கேள்வி ஒன்றே. மறு ஆண்டிலேயே அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும், வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்கடத்தும் அடுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்று தனித்தனியே கருத்துரைத்தனர். அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, காந்த ஊசியின் அன்றாட அசைவை விளக்குவதற்காக பால்ஃபர் ஸ்டூவர்ட் இதைப் போன்றதொரு அடுக்கை முன்மொழிந்திருந்தார். எவரும் கண்டிராத, தொட்டிராத ஒரு பொருள், தன் விளைவுகளால் மட்டுமே உளதென்று கருதப்பட்ட நிலை அது. தருக்க நூலார் மொழியில், காரியத்திலிருந்து காரணத்தைக் கருதும் அனுமானம்.

இந்த அனுமானம் வெறும் கருத்தாக நின்றுவிடாமல் அறிவாக உயர்ந்த விதம் நெருங்கி நோக்கத் தக்கது. 1924 டிசம்பரில் எட்வர்ட் ஆப்பிள்டனும் மைல்ஸ் பார்னெட்டும், போர்ன்மத் நகரில் இருந்த பிபிசி ஒலிபரப்பியை நிகழ்ச்சிகள் முடிந்த நள்ளிரவுக்குப் பின் பயன்படுத்திக்கொண்டு, அதன் அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக மாற்றச் செய்து, ஆக்ஸ்ஃபோர்டில் அலையின் வலிமையை அளந்தனர். தரையோடு நேராக வரும் அலையும் மேலிருந்து திரும்பி வரும் அலையும் ஒன்றோடொன்று கலக்குமானால், அதிர்வெண் மாற மாற அவை மாறிமாறி ஒன்றையொன்று வலுப்படுத்தவும் அழிக்கவும் வேண்டும். ஒலி ஏறி இறங்கும் அந்தத் தடவைகளை எண்ணினால் இரு பாதைகளுக்கும் உள்ள நீள வேறுபாடு கிடைத்துவிடும். ஏற்ற இறக்கங்கள் எதிர்பார்த்தவாறே வந்தன. அடுக்கின் உயரம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் என்று கணக்காயிற்று. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் பிரைட், டியூவ் ஆகிய இருவரும் வானொலித் துடிப்புகளைச் செங்குத்தாக அனுப்பி, அவற்றின் எதிரொலி திரும்பி வரும் நேரத்தை அளந்தனர். இயற்கை தானாகத் தரும் உடனிகழ்வுக்காகக் காத்திருத்தல் வேறு. மனிதன் தன் விருப்பப்படி ஒரு கேள்வியை மேலே அனுப்பி விடையை அளந்து பெறுதல் வேறு. அயனமண்டலம் என்று பின்னர்ப் பெயர்பெற்ற அப்பகுதியைப் பற்றிய அறிவின் உறுதி இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

அந்த மண்டலம் சூரியனால் ஆவது எவ்வாறு என்பதும் படிப்படியாகத் தெளிவாயிற்று. சூரியனிலிருந்து வரும் கடும் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் மேல்வளியின் அணுக்களையும் மூலக்கூறுகளையும் தாக்கி எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. இவ்வாறு மின்னேற்றம் பெற்ற துகள்களே அயனிகள். ஏறத்தாழ 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் மட்டும் நிலவும் டி அடுக்கு, அதற்கு மேல் ஈ அடுக்கு, 200 கிலோமீட்டருக்கும் மேலே எஃப் அடுக்கு என இம்மண்டலம் பகுக்கப்படுகிறது. தொலைதூரச் சிற்றலையைத் தாங்குவது எஃப் அடுக்கு. ஓர் அடுக்கு செங்குத்தாக வரும் எந்த அதிர்வெண் வரை திருப்பி அனுப்புமோ அது அதன் மாறுநிலை அதிர்வெண் எனப்படும். அது எலக்ட்ரான் அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இடைநிலை அகலாங்குகளில் குளிர்கால நண்பகலில், புள்ளிகள் குறைந்த ஆண்டுகளில் 5 அல்லது 6 மெகாஹெர்ட்ஸ் அளவில் நிற்கும் இந்த எல்லை, உச்ச ஆண்டுகளில் அதன் இருமடங்கை எட்டுவது வழக்கம்; அதாவது எலக்ட்ரான் அடர்த்தி நான்கு மடங்காகிறது. சாய்வாகச் செல்லும் அலைக்கு இந்த எல்லை ஏறத்தாழ மூன்று மடங்கு வரை உயரும் என்பதால், குறைவுக் காலத்தில் பகலிலும் 20 மெகாஹெர்ட்ஸைத் தாண்ட முடியாத நெடுந்தொலைவுப் பாதைகள், உச்சக் காலத்தில் 30 மெகாஹெர்ட்ஸையும் கடந்து திறக்கின்றன. பதிவான சுழற்சிகளில் மிக உயர்ந்ததாகிய பத்தொன்பதாம் சுழற்சியின் உச்சத்தில், 1957, 1958 ஆண்டுகளில், 50 மெகாஹெர்ட்ஸில்கூடக் கண்டம் விட்டுக் கண்டம் பேச முடிந்தது.

அன்வயம் இவ்வாறு கிடைக்கிறது. வியதிரேகத்தை இயற்கையே இரு வகையாக அளித்தது. முதலாவது, கிரகணம். 1932 ஆகஸ்டு 31 அன்று வட அமெரிக்காவில் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, சந்திரன் சூரியனை மறைக்க மறைக்க அயனமண்டலத்தின் கீழ் அடுக்குகளின் அடர்த்தியும் உடன் தாழ்ந்தது. ஒளியின் வேகத்தில் வரும் கதிரே அதற்குக் காரணம், மெதுவாக வரும் துகள்கள் அல்ல என்பது அதனால் தெளிவாயிற்று. இரண்டாவது, திடீர் மங்கல். சூரியனில் பெருஞ்சுடர் ஒன்று வெடிக்கும்போது எக்ஸ் கதிர்கள் பன்மடங்கு பெருகி, டி அடுக்கைத் தடிக்கச் செய்து, அதன் ஊடே செல்லும் சிற்றலைகளை உறிஞ்சிவிடுவதால், நிலையங்கள் சில நிமிடங்களிலேயே அடங்கி, சில நேரங்களில் ஒரு மணி நேரம் வரை மீளாமல் கிடக்கும். 1930களில் ஜெர்மனியின் மோகலும் அமெரிக்காவின் டெல்லிஞ்சரும் எடுத்துரைத்த இந்த மங்கல், பூமியின் பகல் பாதியில் மட்டுமே நிகழும். அதே நொடியில் இரவுப் பாதியின் பாதைகள் ஏதும் அறியாதவைபோல் இயங்கிக்கொண்டிருக்கும். கதிர் படும் இடத்தில் விளைவு உண்டு, படாத இடத்தில் இல்லை. உண்டும் இல்லையும் ஒரே கணத்தில், ஒரே கோளின் இரு பக்கங்களில் அருகருகே நின்று சாட்சி சொல்கின்றன. தருக்க நூலாசிரியர் எவரும் இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டைக் கற்பனைசெய்திருக்க இயலாது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கடந்துபோகலாகாது. சூரியப் புள்ளி அயனமண்டலத்துக்குக் காரணம் என்று சொல்வது கண்டிப்பாக நோக்கினால் பிழை. புள்ளி என்பது சுற்றுப்புறத்தைவிட வெப்பம் குறைந்த, அதனாலேயே கருத்துத் தோன்றும் இடம். அதன் உள்ளே வலிய காந்தப் புலம் இருப்பதை 1908இல் ஜார்ஜ் எல்லரி ஹேல் கண்டறிந்தார். கடும் புற ஊதாக் கதிரைப் பொழிபவை அப்புள்ளியைச் சூழ்ந்தும் அதன் மேலும் விரிந்துள்ள, காந்தப் புலத்தால் சூடேறிய ஒளிர்பரப்புகளே. ஆகவே புள்ளி ஏது மட்டுமே. காரணம் காந்தச் செயல்பாடு. இதனால்தான் 1947 முதல் கனடாவில் அன்றாடம் அளக்கப்பட்டுவரும், 10.7 சென்டிமீட்டர் அலைநீளத்தில் சூரியன் உமிழும் வானொலி இரைச்சலைப் புள்ளி எண்ணிக்கையைவிடச் சிறந்த அடையாளமாக வானொலியாளர் பலரும் கொள்கின்றனர். அதுவும் மற்றோர் ஏதுவே ஆயினும், காரணத்துக்குச் சற்று நெருங்கி நிற்பது.

உபாதியும் இங்கே உண்டு. புள்ளி மிகுந்தால் வரவேற்பு மிகும் என்று பொதுவாகச் சொன்னால், உயர்ந்த சிற்றலை வரிசைகளுக்கு அது மெய். தாழ்ந்த வரிசைகளுக்குப் பல வேளைகளில் பொய். கதிர் மிகும்போது எஃப் அடுக்கோடு டி அடுக்கும் தடிக்கிறது. டி அடுக்கின் உறிஞ்சல் அதிர்வெண் குறையக் குறைய விரைந்து பெருகுவது. ஆகவே 13 மீட்டர் வரிசைக்குப் பொற்காலமாகிய உச்ச ஆண்டுகளில் 60 மீட்டர் வரிசையும் மத்திய அலையும் நலிவடைகின்றன. இடமும் ஓர் உபாதி. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியத் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963இல் தும்பா ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் அதனாலேயே. அந்தக் கோட்டின் நேர்மேலே பகலில் எலக்ட்ரான்கள் மேலெழும்பி இரு பக்கமும் வழிந்துவிடுவதால், அடர்த்தி மிகும் முகடுகள் கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலேயே உருவாகின்றன. உச்ச ஆண்டுகளின் பங்குனி, புரட்டாசி மாதங்களில், பொழுது சாய்ந்த பின் அந்த அடுக்கு குமிழிட்டுச் சிதறும்போது, தென்தமிழகத்திலும் இலங்கையிலும் சிற்றலையில் வரும் குரல் படபடவென்று நடுங்கிக் கேட்கும். வடநாட்டில் ஒலிபரப்பு வலுத்திருக்கும் அதே சூரியனின்கீழ் இங்கே அது நடுங்குகிறது. உபாதிகளைப் பெயர்சொல்லிக் காட்ட முடிவதும், விலக்குகள் எங்கே தோன்றும் என்று முன்கூட்டியே கூற முடிவதும் ஒரு வியாப்தியின் வலிமைக்குச் சான்று; விலக்குகளே இல்லை என்று சாதிப்பது சான்றாகாது.

இப்போது அதே சுழற்சியின்மேல் எழுப்பப்பட்ட வேறொரு வாதத்தை நோக்கலாம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூர், பம்பாய், ஐதராபாத் பகுதிகளையும் சூறையாடிய பஞ்சத்தைத் தமிழர் தாது வருடப் பஞ்சம் என்று நினைவில் வைத்திருக்கின்றனர். ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. பஞ்சம் நடந்துகொண்டிருந்த 1877ஆம் ஆண்டிலேயே, இந்திய அரசின் புள்ளியியல் தலைமை இயக்குநராக இருந்த வில்லியம் வில்சன் ஹன்டர், 1813 முதல் பதிவான சென்னை மழையளவைச் சூரியச் சுழற்சியோடு ஒப்பிட்டு, புள்ளிகள் குறைந்த ஆண்டுகளில் மழையும் குறைகிறது என்று வாதிட்டார். புகழ்பெற்ற வானியலாளர் நார்மன் லாக்கியரும் அவரோடு சேர்ந்து சூரியப் புள்ளிகளும் பஞ்சங்களும் என்னும் கட்டுரையை இலண்டன் இதழொன்றில் வெளியிட்டார். அடுத்த ஆண்டு பொருளியலறிஞர் ஜெவன்ஸ், இங்கிலாந்தின் வணிக நெருக்கடிகளும் ஏறத்தாழப் பத்தரை ஆண்டுக்கு ஒருமுறை வருவதாகவும், இந்திய விளைச்சலின் வழியே சூரியனே அவற்றை ஆட்டிவைப்பதாகவும் எழுதினார். சுழற்சியின் சராசரி நீளம் பற்றிய மதிப்பீடு மாறியபோது, நெருக்கடிகளின் பட்டியலும் அதற்கேற்ப மாறியது என்பது அவ்வாதத்தின் தன்மையைக் காட்டப் போதுமானது.

ஹன்டரின் கையில் இருந்தவை ஐந்தாறு சுழற்சிகள். காக்கை ஐந்தாறு முறை அமர்ந்திருந்தது. அன்வயம் ஓரளவு இருந்தது, வியதிரேகம் தள்ளாடியது, இடையில் நிற்கும் வழிமுறை ஏதும் இல்லை. வழிமுறை இருக்கவும் இடமில்லை என்பதைப் பிற்கால அளவீடு காட்டிவிட்டது. 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளந்தவரையில், சூரியனிலிருந்து வரும் மொத்த ஆற்றல் உச்சத்துக்கும் குறைவுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே மாறுகிறது. மேல்வளியை அயனியாக்கும் கடும் புற ஊதாக் கதிரோ ஏறத்தாழ இருமடங்காகிறது. எக்ஸ் கதிர் அதனினும் பன்மடங்கு. வயலையும் கடலையும் எட்டுவது முதலாவது. நூறு கிலோமீட்டருக்கு மேலேயே உறிஞ்சப்பட்டுவிடுவது இரண்டாவது. ஒரே சுழற்சி அயனமண்டலத்தில் பெருவீச்சோடும் நிலத்தில் காண அரிய அளவிலும் செயல்படுவதன் காரணம் இது. 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர், மழைக்கும் புள்ளிகளுக்கும் உள்ள தொடர்பைக் கணித முறையில் சோதித்து அது மிக நலிந்தது என்று கண்டார்; மழையை அசைக்கும் பெரும் விசை பசிபிக் பெருங்கடலின் வளியழுத்த ஊசலில் இருப்பதை அவரே பின்னர் வெளிப்படுத்தினார். 1877இல் அந்தக் கடலில் மிக வலிய எல் நினோ நிகழ்ந்திருந்தது என்பது இன்று தெரியும்.

இவ்வாதத்தைப் பிழையான அறிவியல் என்று மட்டும் சொல்லி விட்டுவிடுவது தகாது. பஞ்ச நிவாரண வேலையில் கல்லுடைத்த ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைந்த தானியமும் ஓர் அணாவும் கொண்ட கூலியே போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் விதித்ததும், மக்கள் மடிந்த அந்த ஆண்டுகளிலேயே இந்தியாவிலிருந்து கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்ததும், சந்தையின் போக்கில் தலையிடலாகாது என்று வைஸ்ராய் லிட்டனின் அரசு பிடிவாதமாக நின்றதும் எந்தக் கதிரின் வேலையும் அன்று. மழை பொய்த்தது வானத்தின் செயல். தானியம் வேறிடத்தில் இருந்தும் பசித்தவன் கைக்கு எட்டாமல் போனது மனிதர் செய்த ஏற்பாடு. மழையின்மை பஞ்சமாக மாறுவதற்கு இடையில் நின்ற உபாதி அந்த ஏற்பாடே; ஈர விறகை மறைத்துவிட்டு நெருப்பை மட்டும் குற்றஞ்சாட்டுவதுபோல, சூரியனை நோக்கிக் கை நீட்டிய வாதம் பொறுப்பேற்க வேண்டியவர்களை மறைவில் நிறுத்தியது. ஹன்டர் தீய நோக்கம் உடையவர் என்று கருதத் தேவையில்லை. வரப்போகும் பஞ்சங்களை முன்னறிய முடிந்தால் உயிர்கள் பிழைக்கும் என்று அவர் நம்பினார். ஆயினும் காரணம் பற்றிய பிழை அறம் பற்றிய பிழையாகவும் ஆகக்கூடும் என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே கிடைக்கும் கொடிய சான்று இது. அந்தப் பஞ்சம் எழுப்பிய அக்கறையும் ஒரு தூண்டுதலாக அமைந்து, 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம், பருவமழையின் திறவுகோலைத் தரவில்லை. மாறாக, புள்ளியின் ஓரப்பகுதியில் வளி வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் எவர்ஷெட் கண்டறிந்ததையும், ஒரு நூற்றாண்டுக்கும் மேலான சூரியப் படங்களின் தொடர்ச்சியையும் அறிவுலகுக்குத் தந்தது. பிற்காலத்தில் அயனமண்டலத்தைத் துடிப்பால் ஆராயும் கருவியும் அங்கே இயங்கியது.

மூன்றாவது வாதம் சிற்றலைத் துறையின் உள்ளேயே பிறந்தது. கிரகநிலையில் நம்பிக்கை கொண்டோரால் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் வானொலிப் பாதைகளின் நிலையை முன்னறிவிக்கும் பணியில் இருந்த ஜான் நெல்சன், சூரியனை மையமாகக் கொண்டு நோக்கும்போது கோள்கள் ஒன்றுக்கொன்று 0, 90, 180 பாகை கோணங்களில் அமையும் நாட்களை ஒட்டிச் சிற்றலைத் தொடர்பு குலைகிறது என்று 1951இல் எழுதினார். அவர் சோதிடர் அல்லர். கடமையுணர்வோடு பல ஆண்டுகள் நாட்குறிப்பு வைத்த தொழில்வல்லுநர். ஆனால் கணக்கு அவருக்கு எதிராக நிற்கிறது. புதன் முதல் சனி வரையிலான ஆறு கோள்களில் பதினைந்து இணைகள் உண்டு. புதன் சூரியனை 88 நாட்களில் சுற்றிவிடுவதால், வியாழனோடு மட்டுமே ஏறத்தாழ இருபத்திரண்டு நாட்களுக்கு ஒருமுறை இக்கோணங்களுள் ஒன்றை அமைத்துவிடுகிறது. எல்லா இணைகளையும் கூட்டினால் சராசரியாக மூன்றரை அல்லது நான்கு நாட்களுக்குள் ஒரு கோணம் அமைகிறது. முன்னும் பின்னும் ஒரு நாள் தளர்வு தந்தால் ஆண்டின் பாதிக்கும் மேற்பட்ட நாட்கள் அதற்குள் அடங்கிவிடும். பிற்காலத்தில் அவர் இன்னும் நுண்ணிய கோணப் பகுப்புகளையும் சேர்த்துக்கொண்டார். எந்த நாள் குலைந்தாலும் அருகில் ஒரு கோணம் கிடைத்துவிடும் நிலையில், கோணம் ஏதுவாகும் தகுதியை இழந்துவிடுகிறது. நெருப்பு உள்ள இடத்தையும் இல்லாத இடத்தையும் வேறுபடுத்திக் காட்டாத புகை எதையும் காட்டுவதில்லை. கோள்களே சூரியச் சுழற்சியை உண்டாக்குகின்றன என்னும் எண்ணமும் வோல்ஃப் காலந்தொட்டு வருவதே. வியாழன் சூரியனைச் சுற்றிவர 11.86 ஆண்டுகள் ஆகும். பதினொன்றுக்கு அது அருகில் இருப்பது மனத்தை மயக்குகிறது. ஆனால் 1755 முதல் 2019 முடிய இருபத்து நான்கு சுழற்சிகள் முடிந்த காலத்தில் வியாழன் இருபத்திரண்டு முறையே சுற்றி முடித்திருந்தது.

இவ்வளவு சொன்ன பின்னும் சார்வாகர் எழுப்பும் ஐயம் எஞ்சி நிற்கும். கடந்த காலத்தில் கண்ட எல்லா இடங்களிலும் ஒன்று மற்றொன்றோடு சேர்ந்து வந்தது என்பதிலிருந்து, காணாத இடங்களிலும் வரப்போகும் காலத்திலும் அவ்வாறே வரும் என்று கூற எவருக்கு உரிமை உண்டு என்பது அவர்களது கேள்வி. பதினெட்டாம் நூற்றாண்டில் டேவிட் ஹியூம் கேட்டதும் அதையே. உதயணர் இதற்குத் தந்த விடை, ஐயத்துக்கு எல்லை உண்டு, ஐயுறுபவனின் சொந்த நடத்தையோடு அது முரண்படும் இடமே அந்த எல்லை என்பதாகும். பசித்தால் உணவையும் புகை வேண்டினால் நெருப்பையும் தேடுபவன், அவற்றின் காரணத் தன்மையை ஐயுறுவதாகச் சொல்வது வெறும் சொல். சிற்றலை ஒலிபரப்பாளர் பருவத்துக்குப் பருவம் தம் அதிர்வெண் அட்டவணையை மாற்றி, புள்ளி குறைந்த ஆண்டுகளில் தாழ்ந்த வரிசைகளுக்கு இறங்கியும் மிகுந்த ஆண்டுகளில் ஏறியும் நடந்துகொண்டது, உதயணர் குறித்த வகையான நடத்தை. இந்த விடை முழுமையானது என்று கூறிவிட முடியாது. ஹன்டரும் தம் கொள்கையின்படியே நடக்க அரசை வேண்டினார். நடத்தை உறுதியை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் மூடநம்பிக்கையும் தேர்ச்சி பெற்றுவிடும். நடத்தையோடு, தோற்கக்கூடிய முன்னறிவிப்பும் சேர வேண்டும்.

அந்தத் தோல்வியைச் சூரிய இயற்பியல் அண்மையில் வெளிப்படையாகச் சந்தித்தது. 2019 டிசம்பரில் குறைவை எட்டித் தொடங்கிய இருபத்தைந்தாம் சுழற்சி 2025 ஜூலை அளவில் 115 என்னும் உச்சத்தைத் தொடும் என்று பன்னாட்டு வல்லுநர் குழு அறிவித்தது. வேறொரு ஆய்வுக்குழு 200ஐயும் தாண்டும் என்றது. சீராக்கப்பட்ட உச்சம் 2024இன் பிற்பகுதியிலேயே வந்துவிட்டது. அளவு ஏறத்தாழ 160. இரு தரப்பும் தவறின. காந்தச் செயல்பாட்டிலிருந்து அயனமண்டலத்துக்கும் அயனமண்டலத்திலிருந்து வானொலிப் பெட்டிக்கும் வரும் காரணச் சங்கிலி இதனால் சிறிதும் தளரவில்லை. புள்ளிகள் எதிர்பாராமல் மிகுந்தபோது உயர்ந்த வரிசைகளும் எதிர்பாராமல் திறந்தன. தளர்ந்தது அச்சங்கிலியின் முதல் கண்ணி, அதாவது சூரியனின் உள்ளே காந்தப் புலம் எவ்வாறு விளைகிறது என்னும் பகுதி. காரணத்தை அறிதலும் வருவதை அறிதலும் ஒன்றே என்று எண்ணும் மனத்துக்கு இது வியப்பாகத் தோன்றலாம். வியாப்தி சொல்வது, இது இருந்தால் அது இருக்கும் என்பதை மட்டுமே; இது எப்போது, எவ்வளவு இருக்கும் என்பது வேறொரு வியாப்தியால் அறியப்பட வேண்டியது. ஒவ்வொரு குறைவின்போதும் சூரியத் துருவங்களில் எஞ்சி நிற்கும் காந்தப் புலத்தின் வலிமை அடுத்த சுழற்சியின் உயரத்தைக் காட்டும் என்பதே இப்போது மிகுதியாக நம்பப்படும் ஏது. அப்புலம் நேரடியாக அளக்கப்பட்டுவரும் காலம் ஐந்து சுழற்சிகள் அளவினது; 1877இல் ஹன்டரிடம் இருந்த எண்ணிக்கையும் ஏறத்தாழ அதுவே. ஹன்டரிடம் இல்லாத ஒன்று இவர்களிடம் உண்டு: துருவப் புலம் அடுத்த சுழற்சியின் புள்ளிகளாக உருமாறும் வழியைப் பற்றிய, சோதிக்கத்தக்க கோட்பாடு. அந்த வழி மெய்தானா என்பதை, 2030ஐ ஒட்டி வரவிருக்கும் குறைவில் துருவங்களை அளந்து, அதற்குப் பின் எழும் இருபத்தாறாம் சுழற்சியோடு ஒப்பிட்டே மீண்டும் ஒருமுறை சோதிக்க முடியும்.